குளிசை எழுதும்போதே நிறுத்தும் நாளையும் எழுதச் சொல்லுங்கள்

கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,



ஐஸ் பற்றியும் போதை மாத்திரை பற்றியும் நம் பள்ளிவாசல்களில் குத்பாக்களில் பேசுகிறார்கள். அதிரடிப்படை யாரையாவது பிடித்தால் படத்தோடு செய்தி வருகிறது. நான் எழுத வந்தது ஒருநாளும் பிடிபடாதவரைப் பற்றி. ஐவேளை தொழுபவர், சிகரெட்டைக்கூடத் தொடாதவர். மருதமுனையில் தறியில் இருந்தோ, சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுத்தோ, வளைகுடாவில் மூட்டை தூக்கியோ நாரி போனவர். டொக்டரின் துண்டோடு டிரமடோல் என்ற நோவுக் குளிசை தொடங்கியவர். இப்படி ஒருவரை உங்கள் கிளினிக்குகளிலும் பார்த்திருப்பார்கள்.

டிரமடோலை ஜெர்மன் கம்பெனியான குருனென்தால் 1977இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோர்பினை விட மென்மையானது என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. உள்ளே போன குளிசையை ஈரல் இன்னும் வலுவான பொருளாக மாற்றுகிறது. மோர்பின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் மூளையில் அதுவும் வேலை செய்கிறது. வாரக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும். பிறகு சட்டென்று விட்டால் வியர்வை, வயிற்றோட்டம், உறக்கமின்மை, உடம்பெல்லாம் உளைவு. பழைய நாரி நோவும் கூடவே எழும்பும். அவர் என்ன நினைப்பார்? வருத்தம் இன்னும் சுகமாகவில்லை என்றுதானே? குளிசை தந்த நோவைப் பழைய நோவென்று எண்ணி இன்னொரு காட் வாங்கிப் போடுகிறார். தனக்குப் போதைப் பழக்கம் என்ற எண்ணமே வராது; மருந்துதானே குடிக்கிறார். அளவு கூடினால் வலிப்பு வரலாம். தூக்கக் குளிசையோடோ பிரிகாபலின் மருந்தோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

அமெரிக்காவின் நோவுக் குளிசைப் பேரழிவும் டொக்டரின் துண்டில்தான் தொடங்கியது. 1996இல் பர்டியூ கம்பெனி இறக்கிய ஆக்ஸிகொன்டின் என்ற நோவுக் குளிசைக்கு அடிமையாகும் ஆபத்துக் குறைவு என்று டொக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். அது பொய்யான விளம்பரம் என்று 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் ஊர் ஊராக ஆட்கள் செத்திருந்தார்கள். இந்தியா 2018இல் டிரமடோலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எகிப்தில் 290 டிரமடோல் குளிசையோடு இறங்கிய பிரித்தானியப் பெண்ணுக்கு 2017இல் மூன்று வருடச் சிறை. துணைவரின் முதுகு வலிக்குக் கொண்டு வந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வளைகுடாவில் இருக்கும் மாமாவுக்கும் மச்சானுக்கும் குளிசை கொடுத்தனுப்பும் நம் வீடுகளுக்கு இதை யாராவது சொன்னார்களா?

உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. டிரமடோல் எழுதும் டொக்டர், எத்தனை நாளைக்கு என்பதையும் எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதட்டும். ஒருமுறை மருந்து கொடுத்த துண்டில் பார்மசி முத்திரை குத்தட்டும். பழைய துண்டைக் காட்டியும், துண்டே இல்லாமலும் வாங்க முடிகிற கடை எது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் உணவு மருந்துப் பரிசோதகர்களுக்குத் தெரியாதா? பழகிப்போனவர் வந்து சொன்னால் அவரைப் பொலிஸில் மாட்டிவிடாமல், ஆளுக்கு முன்னால் வெட்கப்படுத்தாமல், படிப்படியாகக் குறைக்க ஒரு கிளினிக் நாள் ஒதுக்குங்கள். வெட்கத்துக்குப் பயந்தே நம்மவர்கள் பாதி வருத்தத்தை மறைக்கிறார்கள்.

ஒரு பயமும் உண்டு. கெடுபிடி தொடங்கினால் முதலில் அடி விழுவது புற்றுநோயாளிக்கு. இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின், அந்த ஆண்டு 573 கிலோவாக இருந்த மருத்துவ மோர்பின் பாவனை 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. கள்ளச் சந்தைக்குப் பயந்து, நோயாளிகளைக் கதறவிட்டார்கள். கடைசிக் காலத்து நோவில் கிடப்பவருக்கு அடிமையாவதைப் பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம். அவருக்கு மோர்பின் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த மடலை வைத்து யாரும் அதை மறுத்துவிடக் கூடாது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. அதையாவது தமிழில், கொட்டை எழுத்தில், உங்கள் பிராந்தியத்தின் ஒவ்வொரு பார்மசியின் கவுண்டரிலும் ஒட்டச் சொல்லி இந்த மாதமே கடிதம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கல்முனை வாசி ஒருவர்