தொட்டியில் ஏறிப் பார்ப்பது யார் வேலை?

பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் வழக்கில் 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததிலிருந்து எல்லா விவாதமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: மலத்தைக் கலந்தது யார்? பாதிக்கப்பட்ட பட்டியலின மக்களிலேயே மூன்று பேரை நோக்கிக் கைகாட்டுகிறது காவல் துறை. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்கிறார்கள். அதை நீதிமன்றம் தீர்க்கட்டும். ஆனால் குடிநீர் கெட்டது குழந்தைகள் நோயில் விழும்வரை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்ற கேள்விக்கு எந்தக் குற்றப்பத்திரிகையிலும் பதில் வராது.

2022 டிசம்பரில் நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மருத்துவர் தண்ணீரைச் சந்தேகித்தார். அதன் பிறகே ஊர்க்காரர்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் தண்ணீரைப் பரிசோதித்த கருவி, குழந்தைகளின் குடல்.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. 33 சதவீதக் குளோரின் கொண்ட பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம்; 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். அரை மணி நேரம் கழித்துக் குழாயில் பிடித்த தண்ணீரில், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குளோரின் அளவைக் காட்டும் குளோராஸ்கோப் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக மாறும். மாறவில்லையா? பவுடர் போடவில்லை, அல்லது தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது. ஏனென்றால் கழிவு கலந்தால் அதனோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகும். ஆக, அந்த 0.2 கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. யாரும் நோயில் படுக்கும் முன்பே எச்சரிக்கையும் செய்கிறது.

நோயாளி வந்த பிறகு விழித்துக்கொள்வது எவ்வளவு தாமதம் தெரியுமா? காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வெளிப்படும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சராசரியாக நான்கு வாரம். முதல் நோயாளி வரும்போது ஊரே குடித்து முடித்திருக்கும்.

இதைச் சொன்னால், 'காய்ச்சிக் குடியுங்கள், கை கழுவுங்கள்' என்று துண்டறிக்கை நீட்டுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் தாயின் அடுப்பில் அரசின் கடமையை இறக்கிவைப்பதற்குப் பெயர் விழிப்புணர்வு அல்ல. அது பொறுப்பைக் கைகழுவுவது.

2017-ல் டெங்கு பரவியபோது, கொசுப்புழு இருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், அபராதம் போட்டார்கள். அதற்குத் துணைநின்ற 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர் வழங்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மீது வைத்திருக்கிறது. வீட்டுத் தொட்டியில் புழு இருந்தால் குடிமகனுக்கு அபராதம். ஊர்த் தொட்டியில் குளோரின் இல்லையென்றால் யாருக்கு?

கிருமிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். கிருமிக்குத் தெரியாது, குழாய்க்குத் தெரியும். குடியிருப்பு தனி, தொட்டி தனி என்று பிரித்துவைத்த ஊரில், தண்ணீரோடு வரும் நோயும் பிரித்த வழியிலேயே போகிறது. மேல்நிலைத் தொட்டியின் அலட்சியத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஆகவே சாதியைத் தொடாமல் தொற்றுநோயைத் தடுக்கலாம் என்று நினைக்கும் சுகாதாரத் திட்டம் எதுவும் பாதித் திட்டமே.

செய்ய வேண்டியவை இவை: ஒவ்வொரு தொட்டிக்கும் பூட்டிய மூடி. தொட்டி இயக்குபவருக்கு வாழத் தகுந்த சம்பளமும் பயிற்சியும். கடைசி வீட்டுக் குழாயில் தினமும் குளோரின் சோதனை; பட்டியலினக் குடியிருப்பில் முதல் சோதனை. அன்றைய அளவு ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும். பூஜ்யம் வந்தால் அன்றே தண்ணீர் விநியோகம் நிற்க வேண்டும், பொறுப்பான அதிகாரிக்கு அன்றே நோட்டீஸ் போக வேண்டும். இவ்வளவையும் செய்தால் தண்ணீரால் பரவும் நோய் புதுக்கோட்டையில் பெரிதும் குறையும். செய்யாதவரை, இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குக் குடிநீரால் வரும் ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் நிர்வாகம் செய்த குற்றமே.