உரலுக்குள்ள தலையைக் கொடுத்துட்டு...

போன வாரம் நண்பர் ஒருத்தர் வாட்ஸப்புல வந்தார். சொந்த வழங்கியில வேர்ட்பிரஸ் போட்டு பல வருசமா எழுதறவர். "ஹோஸ்டிங் மாத்தினேன் சாமி. முகப்பு மட்டும் வருது. எந்த இடுகையைச் சொடுக்கினாலும் 404"ன்னு புலம்பல். எச்டிஆக்சஸ் கோப்பை அனுப்பச் சொன்னேன். திறந்து பார்த்ததும் கோபம்தான் வந்துச்சு. அவர் மேல இல்லை, அந்த நாப்பது வரியை "அப்படியே காப்பி பண்ணி ஒட்டிக்குங்க"ன்னு ஊருக்கெல்லாம் தானம் பண்ற புண்ணியவான்கள் மேல.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாம கொடுக்கிற அழகான உரல் எதுவும் வழங்கியில நிஜக் கோப்பா இருக்காது. வாசகர் அதைக் கேட்டதும் அப்பாச்சி உள்ளுக்குள்ள அதை மாத்தி இன்டெக்ஸ்.பிஎச்பி கிட்ட தள்ளிவிடுது. அந்த வேலையைச் செய்யற மாட்_ரீரைட்டை 1996-ல எழுதினவர் ரால்ஃப் எங்கல்ஷல். அருமையான கருவி. ஆனா சொன்னதைத்தான் செய்யும், நினைச்சதைச் செய்யாது.

நண்பர் கோப்புல என்ன இருந்துச்சு? 'ரீரைட்பேஸ்' வரியில பழைய வழங்கியோட அடைவுப் பெயர். கீழ நாலு இடத்துல முழு டொமைன் பெயர். புது வழங்கியில தளம் அடைவுக்குள்ள இல்லை, வேர்லயே இருக்கு. இருந்தும் விதி ஒவ்வொரு இடுகையையும் இல்லாத பழைய அடைவுக்கே அனுப்பிட்டிருக்கு. வீடு மாறின பிறகும் பழைய வீட்டுக்கதவுல பால் பாக்கெட் போடற கதை.

என் கட்சி இதுதான்: உரல் மாற்று விதிக்கு தன் டொமைன் பேரும் தெரியக்கூடாது, தான் எந்த அடைவுல குடியிருக்கோம்னும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அது உங்க தளத்தோட விதி இல்லை, அந்த வழங்கியோட விதி.

"ஒருதடவை எழுதறோம், எப்பவோ ஒருதடவை மாத்தறோம், இதுக்கு ஏன் இவ்ளோ சவுண்டு?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படிக் கேட்டவன்தான். பட்டுத் திருந்தினேன். நான் வச்சிருந்த ஒரு விதி: 'வந்த ஹோஸ்ட் பேர் என் டொமைன் இல்லைன்னா, 301 போட்டு என் டொமைனுக்கு அனுப்பு.' பார்க்க ஒழுங்கா இருக்குல்ல? தளத்தை முழுசா என் கணினிக்கு இறக்கி, சோதனைப் பிரதியில குப்பைப் பின்னூட்டங்களைக் களையலாம்னு லோக்கல்ஹோஸ்ட்டைத் திறந்தேன். லோக்கல்ஹோஸ்ட் என் டொமைன் இல்லையே, விதி கடமையைச் செஞ்சுது. நான் ஏற்கனவே உள்நுழைஞ்சிருந்த நிஜத் தளத்துல கொண்டுபோய் விட்டுது. முகவரிப் பட்டையைப் பார்த்திருக்கணும், பார்க்கலை. சோதனைதானேன்னு ஒரு பழைய இடுகையோட அறுபது சொச்சம் பின்னூட்டங்களை அள்ளி நீக்கினேன். அதுல ஒரு நல்ல சண்டை நடந்திருந்துச்சு மக்களே, இடுகையை விட அதுதான் ஒசத்தி. போச்சு. விதியைத் திருத்தின பிறகும் உலாவி 301-ஐ நினைவுல வச்சுக்கிட்டு என்னைத் துரத்திக்கிட்டே இருந்தது தனிக்கதை.

அதையே 'ஹோஸ்ட் பேர் மூணு டபிள்யூவுல ஆரம்பிச்சா, அதுக்குப் பிறகு இருக்கிறதைப் பிடிச்சு அதுக்கே அனுப்பு'ன்னு எழுதியிருந்தா? டொமைன் பேர் எங்கயுமே வராது. லோக்கல்ஹோஸ்ட்டைத் தொடாது.

அடுத்து, நம்ம எல்லாரையும் நேராத் தொடற விசயம். ஆங்கிலத் தளங்கள்ல கிடைக்கிற விதிகள்ல பாதி, உரல்ல ஆங்கிலச் சின்னெழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டும்தான் வரும்னு அடிச்சுச் சொல்லுது. உங்க உரல்ல 'மழை'ன்னு இருந்தா அது பொருந்தாது, 404. 'சாய்வுக்கோடு தவிர எதுவானாலும்'னு எழுதினா முடிஞ்சுது வேலை. இன்னொரு கூத்து: உலாவியில இருந்து நகலெடுத்த உரல் விழுக்காட்டுக்குறியா நீளுமே (தமிழ்ல ஒரு யுனிகோடு குறிக்கு 3 பைட்டு, ஆக 9 எழுத்து), அதை அப்படியே விதியோட இடப்பக்கம் ஒட்டறாங்க. மாட்_ரீரைட் அந்தக் குறிகளைப் பிரிச்ச பிறகுதான் ஒப்பிடும். பொருந்தவே பொருந்தாது. யுடிஎஃப்-8-ல நேரா தமிழ்லயே எழுதணும். அதே குறிகளை வலப்பக்கம் ஒட்டி வழிமாற்றினா விழுக்காடு இன்னொருதரம் குறியாகிக் குப்பையாகும். அதுக்கு 'என்ஈ' கொடி வேணும், விழுக்காட்டுக்கு முன்னாடி பின்சாய்வுக்கோடும் வேணும்.

அப்புறம் இந்த 'இஃப்மாட்யூல்' உறை. மாட்_ரீரைட் இருந்தா மட்டும் விதிகளைப் படி, இல்லைன்னா கண்டுக்காதே. இதைப் போட்டுட்டு "எந்த வழங்கியிலும் ஓடும்"னு மார்தட்டறாங்க. எங்க ஓடுது? ஓடாததைச் சொல்லாம மறைக்குது, அவ்வளவுதான். பொத்தானை அமுக்கினா பல்பும் எரியாது, ஃபியூஸும் போகாது. நான் உறை இல்லாமத்தான் வைப்பேன். 500 பிழை வந்தா வரட்டும், பதிவேட்டுல காரணம் எழுதியிருக்கும்.

எச்டிஆக்சஸ்ல எழுதினதை வழங்கியோட முதன்மைக் கோப்புக்கு மாத்தறவங்க ரெண்டு இடத்துல வழுக்கி விழுவாங்க. எச்டிஆக்சஸ்ல பாதையோட முதல் சாய்வுக்கோடு உரிக்கப்பட்டு வரும், அங்க கோட்டோட வரும். தொடக்கத்துல ^/? போட்டா ரெண்டுக்கும் பொருந்தும். 'ரிக்வெஸ்ட்_ஃபைல்நேம்' அங்க இன்னும் நிஜப் பாதையா மாறியிருக்காது, அதனால 'டாக்குமென்ட்_ரூட்'டையும் 'ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ'யையும் சேர்த்துக் கேக்கணும். அடைவுப் பேரையே எழுதாம, கேட்ட உரலையும் விதியில பிடிபட்டதையும் ஒப்பிட்டு மிச்சத்தைத் தானே கண்டுபிடிக்கிற வித்தையும் உண்டு. சிம்ஃபொனியோட அப்பாச்சி கோப்புல இருக்கு, போய்ப் பாருங்க.

என்ஜின்எக்ஸ் எச்டிஆக்சஸைத் திறந்துகூடப் பார்க்காது. அதனாலயும் சொல்றேன், வழங்கிகிட்ட விடவேண்டியது ஒரே விசயம்: 'கோப்போ அடைவோ இல்லைன்னா இன்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பு.' என்ஜின்எக்ஸ்ல அது 'ட்ரை_ஃபைல்ஸ்' ஒரு வரி. மிச்ச பழைய உரல் கணக்கெல்லாம் நிரலுக்குள்ள இருக்கட்டும், எங்க போனாலும் கூடவே வரும். பத்து வருசம் முன்னாடி யாரோ தன் இடுகையில உங்களுக்குக் கொடுத்த சுட்டி அதை நம்பித்தான் இருக்கு.

மாதிரி நிரலை இங்க போடலை. வேணும்னேதான். போட்டா அதையும் ஒட்டுவீங்க :-)

நண்பர் கோப்பை ரெண்டு பேரும் உக்காந்து உரிச்சோம். நாப்பது வரி ஒம்பது ஆச்சு. இடுகைகள் எல்லாம் வந்துடுச்சு. கடைசியா ஒண்ணு கேட்டார்: "இதே கோப்பை என் மச்சான் தளத்துலயும் போட்டுக்கலாமா? அவரோடது வேற அடைவு, வேற டொமைன்."

போட்டுக்குங்கன்னேன். ஒரு எழுத்தும் மாத்தாம ஓடுது.