தக்காளிக்கும் ஒரு பட்டறை வேண்டும்

சின்ன வெங்காயத்தை இருப்பு வைக்க நம் விவசாயிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ராசிபுரம், புதுச்சத்திரம் பக்கங்களில் பிடுங்கிய வெங்காயத்தைத் தாள் வாடும்வரை உலர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாகத் தட்டி கட்டிக் கூரை போட்ட பட்டறையில் சேர்க்கிறார்கள். விலை வரும்வரை சரக்கு அங்கே இருக்கும். மரவள்ளியிலும் இந்த விவரம் உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கறுத்துவிடும் என்பதால், ஜவ்வரிசி ஆலையில் பேசி முடித்து, லாரி வரும் நாளில்தான் பிடுங்குகிறார்கள்.

தக்காளி என்று வரும்போது மட்டும் இந்தக் கவனம் நம்மிடம் இருப்பதில்லை. மேச்சேரி, ஓமலூர், வாழப்பாடி வட்டாரங்களில் பறித்த பழம் வண்டி வரும்வரை வரப்போரத்தில் வெயில் காய்வதைப் பார்க்கிறோம். லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 100 கிலோ தக்காளிக்கு 12 கிலோவுக்கு மேல் வீணாகிறது. உரம், தண்ணீர், கூலி எல்லாம் செலவழித்து விளைவித்த பழம் அது.

இதற்கு மருந்து குளிர்பதனக் கிடங்குதான் என்று பலரும் சொல்கிறார்கள். கிடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்திச் செய்ய வேண்டிய வேலை வயலிலேயே இருக்கிறது. நசுங்கிய பழத்தைக் குளிரில் வைத்தாலும் காயம் ஆறாது. பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால், வெளியே எடுத்தபின் சரியாக நிறம் பிடிக்காமல் அழுகும். தவிர, பத்துப் பெட்டி சரக்குள்ளவர் கிடங்கைத் தேடிப் போவது கட்டுப்படியாகுமா?

பறித்த பின்னும் பழம் சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. பழத்தின் ஆயுளும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே பனி உலர்ந்ததும் காலையிலேயே பறியுங்கள். வயலோரத்தில் ஓலைப்பந்தல் போட்டு, பறித்தது உடனே நிழலுக்கு வரட்டும். தூர ஊருக்குச் செங்காய், உள்ளூர்ச் சந்தைக்குப் பழம் என்று பிரியுங்கள். வெடித்ததையும் புழு துளைத்ததையும் பந்தலிலேயே கழித்துவிடுங்கள். ஒரு அழுகல் பெட்டி முழுவதையும் கெடுக்கும். ஆழமான கூடையில் அடிப்பழம் நசுங்கும். கழுவிய பிளாஸ்டிக் பெட்டியில், விளிம்புக்கு மேல் குவிக்காமல் அடுக்குங்கள்.

ஓரிரு நாள் வைத்திருக்க நேர்ந்தால், டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய செங்கல் தொட்டி உதவும். இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் மணல் நிரப்பித் தினமும் நனைத்து வர வேண்டும். மேலே நிழல் அவசியம். மின்சாரம் வேண்டாம். நம் வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது.

"தரம் பிரித்தாலும் மண்டியில் ஒரே விலைதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பறிகூலிக்கே விலை காணாத நாளில் எந்தப் பெட்டியும் உங்களைக் காப்பாற்றாது. அது நடவைப் பிரித்துப் போடுவதாலும் பழக்கூழ் ஆலைகளாலும் தீர வேண்டிய விஷயம். மற்ற நாட்களில் கழிவு குறைந்தால் அந்த எடை உங்கள் கணக்கில் சேரும். 1999 முதல் நடந்துவரும் உழவர் சந்தையில் விற்பவர்களுக்கு நல்ல பழம் முதலில் போவது கண்கூடு. மண்டியிலோ தனி ஒருவரால் பெயர் வாங்குவது கடினம். ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து, மேலே ஒன்று அடியில் ஒன்று என்றில்லாமல் ஒரே தரமாக அனுப்பி வந்தால், வியாபாரியிடம் விலை பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கிடங்குக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, ஊருக்கு ஒரு பொதுக் கொட்டகைக்கும் பெட்டிகளுக்கும் ஒதுக்கினால் சிறு விவசாயிக்கு நேராகப் பயன்படும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தக்காளி நடவில், முதல் பறிப்புக்கு முன்பே நாலு கம்பு நட்டு ஓலைப்பந்தல் போட்டுவிடுங்கள்.