கைகட்டி நின்றவனுக்கு என்ன தண்டனை?

பதுளை மாவட்டத்தில், பண்டாரவளைக்கு அருகே உள்ளது பிந்துனுவெவ. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கத்தி பொல்லுகளோடு ஒரு கும்பல் புகுந்தது. வழக்கு விசாரணையின்றி அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களுள் குறைந்தது 27 பேர் கொல்லப்பட்டனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ அறுபது பேர் அவ்விடத்தில் இருந்தனர். இருந்தும் கொலை நடந்து முடிந்தது.

2003 ஜூலையில், மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துடன் அந்த ஐவருமே, நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். 27 உயிர்களுக்கு இன்று ஒரு குற்றவாளிகூட இல்லை.

நீதியரசர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சான்று போதாதெனில் விடுவிப்பதே முறை. நான் கேட்பது வேறு. கொலையைக் கண்டு கைகட்டி நின்ற காவலன் செய்தது, நமது சட்டத்தில் எந்த வகைக் குற்றம்?

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் இயற்றப்பட்டது. கொலைக்கு மரண தண்டனை என்கிறது 296ஆம் பிரிவு. 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு செய்தி. அக்கயிறு மீண்டும் வரவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்ந்தவர், அக்கூட்டத்தின் பொதுநோக்கத்துக்காக மற்றவர் செய்த குற்றத்துக்கும் பொறுப்பாளி என்கிறது 146ஆம் பிரிவு. ஆனால் தடுக்கக் கடமைப்பட்டும் தடுக்காது நின்றவரை இப்பிரிவுகளுக்குள் கொண்டுவர வேண்டுமாயின், கும்பலின் நோக்கமே அவர் நோக்கமும் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒருவர் மனத்தில் இருந்ததை எவ்வாறு மெய்ப்பிப்பது? மெய்ப்பிக்க இயலாவிட்டால், மீதமிருப்பவை கடமை தவறியமைக்கான சில்லறைத் தண்டனைகளே. ஒரு பக்கம் தூக்குமேடை, மறுபக்கம் துறைசார் விசாரணை. இரண்டுக்கும் இடையே ஒரு படி இல்லை.

கடமை தவறுவதைக் குற்றமாக்கச் சட்டத்துக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். இதே ஊவாத் தோட்டங்களில் அது நன்றாகவே தெரிந்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி, வேலைக்கு வர மறுத்தாலோ, வேலையில் அசட்டையாக இருந்தாலோ, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனாலோ தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். வெறும் ஒப்பந்த மீறல் சிறைக்குரிய குற்றமாக வகுக்கப்பட்டது. துண்டு முறையோடு அந்தத் தண்டனையையும் ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொழுந்து பறிக்க வராதவளின் கடமைத் தவறு சிறைக்குரியது. உயிர் காக்க வராதவனின் கடமைத் தவறு கோப்புக்குரியது. ஏழை மீது விரைந்து பாயும் சட்டம், சீருடையைக் கண்டதும் ஏன் தயங்குகிறது?

வழி இல்லாமலில்லை. வலிந்து காணாமலாக்குதல் பற்றிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில், கீழுள்ளவர் செய்யும் குற்றத்தை அறிந்தும் தடுக்காத மேலதிகாரியும் குற்றவாளியாகிறார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனமும் தளபதியின் பொறுப்பை அவ்வாறே வகுத்துள்ளது. இலங்கை அதில் இன்றுவரை இணையவில்லை. காணாமலாக்குதலுக்கு ஏற்ற நெறி, அரசின் காவலில் உள்ளவர் கண்முன்னே கொல்லப்படும்போது ஏன் பொருந்தாது? காவலில் உள்ளோரைக் காக்கத் தவறிய அதிகாரியின் செயலைத் தனியொரு பாரதூரமான குற்றமாக வகுத்து, அதற்கு நீண்டகாலச் சிறையை விதிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றட்டும்.

புதிய சட்டம் பழைய குற்றத்தைத் தொடாது. பிந்துனுவெவவில் மாண்டவருக்கு அதனால் பயனில்லை என்பதை அறிவேன். ஆயினும் அரசின் காவலில் அடுத்து அடைக்கப்படுபவன் யார் பிள்ளையோ? அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமல்லவா?