அப்பா பிறந்த ஊர்

ஸ்வென் கிராமரின் அலமாரியில் இல்லாத பதக்கம் ஒன்று உண்டு. ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் 5,000 மீட்டர் தங்கத்தை 2010, 2014, 2018 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் வென்றவருக்கு, 10,000 மீட்டர் தங்கம் மட்டும் கடைசிவரை கிட்டவில்லை. 2010-ல் வான்கூவரில் எல்லோரையும்விட வேகமாகத்தான் முடித்தார். ஆனால் பாதி தாண்டிய நேரத்தில் பயிற்சியாளர் தவறான தடத்தைக் காட்ட, அவரை நம்பித் திரும்பியதால் தகுதி இழந்தார். 2014-ல் சக நாட்டவர் யோரிட் பெர்க்ஸ்மா முந்திக்கொண்டார். 2018 பிப்ரவரி 15 அன்று தென்கொரியாவில் கிடைத்ததோ ஆறாவது இடம்.

அன்று தங்கம் வாங்கியவர் கனடா அணியின் டெட்-யான் புளூமன். பிறந்து வளர்ந்ததெல்லாம் கிராமரின் நெதர்லாந்தில். அங்கே ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் வெளியேறியவர்.

திறமை போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. தப்பான நாட்டில் பிறந்துவிட்டார், அவ்வளவுதான். மும்பை அணியில் இடம் கிடைக்காமல் வேறு மாநிலத்துக்கு ரஞ்சி ஆடப் போகும் பேட்ஸ்மேன்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கு இருந்த 36 பதக்கங்களில் 23-ஐ டச்சுக்காரர்களே அள்ளிச் சென்றார்கள். 10,000 மீட்டரில் ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தான்; அந்த மூன்று பதக்கங்களும் அந்த மூவருக்கே போயின. நான்காவது டச்சுக்காரர் உலகத்திலேயே நான்காவதாக இருந்தாலும் வீட்டில் டி.வி. பார்க்க வேண்டியதுதான். 2013 டிசம்பரில் ஹீரன்வேனில் நடந்த தேர்வுப் போட்டிகளில் புளூமன் தேறவில்லை.

கைகொடுத்தது அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அவர் பிறந்தது கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில். அந்த வழியில் மகனுக்கும் கனடியக் குடியுரிமை இருந்தது. 2014 கோடையில், 28 வயதை நெருங்கும்போது, புளூமன் கால்கரிக்குக் குடிபெயர்ந்தார். (அங்கே பயிற்சியாளராக இருந்த பார்ட் ஸ்கௌட்டனும் டச்சுக்காரர்தான்!)

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2015 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் 10,000 மீட்டரை 12 நிமிடம் 36.30 வினாடியில் கடந்தார். 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. ஒரு சுற்றுக்குச் சராசரி 30 வினாடிக்குச் சற்றே அதிகம். மணிக்கு 47 கிலோமீட்டருக்கு மேல், எஞ்சின் இல்லாமல். உடைந்தது கிராமர் 2007-ல் படைத்த உலக சாதனை. 2017 டிசம்பரில் 5,000 மீட்டரிலும் கிராமரின் பத்தாண்டு பழைய சாதனையை அழித்தார். தேர்வுக்கு உதவாத ஆள், தேர்வு பெற்றவரின் இரண்டு சாதனைகளையும் பறித்துக்கொண்டார். 2018 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் நார்வேக்காரர் ஒருவரை ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் முந்தி வெள்ளி. நான்கு நாள் கழித்து 10,000 மீட்டரில் 12 நிமிடம் 39.77 வினாடி, தங்கம். அந்தத் தூரத்தில் 1932-க்குப் பிறகு கனடா ஆண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

இதை விசுவாசமின்மை என்பவர்கள் உண்டு. வைத்துக்கொள்ளாத ஆளை இழந்ததாக ஒரு நாடு எப்படிப் புகார் சொல்ல முடியும்? பார்ட் வெல்ட்காம்ப் கதை இன்னும் சிக்கலானது. 1992-ல் நெதர்லாந்துக்கு 10,000 மீட்டர் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். உள்நாட்டுத் தேர்வுப் போட்டி அலுத்துப்போய் பெல்ஜியத்துக்கு மாறினார். 1998 நாகானோவில் 5,000 மீட்டர் மேடையில் மூன்று டச்சுக்காரர்கள் நின்றார்கள். வெண்கலம் மட்டும் பெல்ஜியத்தின் கணக்கில் சேர்ந்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு பதக்கம் பார்த்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வெல்ட்காம்ப்பைப் பார்த்து பெல்ஜியத்தில் உடனே ஒரு படை கிளம்பிவிடவில்லை. கனடாவில் கொஞ்சம் வேறுவிதம். 2020 பிப்ரவரியில், அதே சால்ட் லேக் சிட்டியில், புளூமனின் 10,000 மீட்டர் உலக சாதனை 12 நிமிடம் 33.86 வினாடியில் உடைந்தது. உடைத்தவர் கிரேம் ஃபிஷ், கனடாவிலேயே பிறந்த இளைஞர், புளூமனின் அணித் தோழர். அன்று இரண்டாவதாக வந்தவர் புளூமன்.