வெளிநாட்டில் இருந்து வரும் ஐபோன்: மாறும்போது எதை இழக்கிறோம்?

பூனாகலை, அயிஸ்லபி போன்ற பண்டாரவளைத் தோட்டங்களின் லயன் அறைகளுக்கு ஐபோன் வந்துசேரும் வழிகள் அதிகமில்லை. சவூதியில் இருந்தோ கட்டாரில் இருந்தோ விடுமுறையில் வரும் தாய் கொண்டுவருவார். கனடாவில் இருக்கும் உறவினர் தான் புதிது வாங்கியதும் பழையதைக் கொடுத்தனுப்புவார். கொழும்பில் வேலைசெய்யும் மகன் இரண்டாம் கையாக வாங்கி வருவான். தோட்டச் சம்பளத்தில் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குவது நடக்கிற காரியமல்ல. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் 31,050. 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த 1,750 ரூபாவை வைத்துப் பார்த்தாலும் மாதம் 43,750தான். புதிய ஐபோனோ சில இலட்சம் ரூபா. போதாக்குறைக்கு, அதுவரை பெறுமதி சேர் வரியில் இருந்து விலக்குப் பெற்றிருந்த கைபேசிகள் மீது 2024 ஜனவரி 1 முதல் 18 வீத வரி விழுந்தது.

ஆகவே எமது வீடுகளில் 'அண்ட்ரொய்டா, ஐபோனா' என்ற கேள்வி விலைப்பட்டியலைப் பார்த்து எழுவதில்லை. ஒரு நாள் பரிசாக ஒரு ஐபோன் வருகிறது. கையில் ஏற்கெனவே ஒரு சாம்சங்கோ ரெட்மியோ இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது? இலவசமாக வருவதைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று தோன்றலாம். அதில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த மாற்றத்துக்கான விலை பணத்தில் தெரிவதில்லை. அது பழைய கைபேசிக்குள் இருக்கும் குரல் பதிவுகளிலும் படங்களிலும் இருக்கிறது.

இதை வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1977 வன்செயலுக்குப் பின்னரும் 1983க்குப் பின்னரும் மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்கள் பல, பிறகு வன்னி யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தவை. ஒரு கிளை ஊவாத் தோட்டத்தில், ஒரு கிளை கிளிநொச்சியில், இன்னொன்று வெளிநாட்டில் என்று சிதறிய உறவை இன்று கட்டி வைத்திருப்பது ஒரு வட்ஸ்அப் குழு. பண்டாரவளை என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் பிந்துனுவெவ முகாமில், 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி கொல்லப்பட்ட இளைஞர்களின் காலத்துப் படங்கள் காகிதத்தில் இருந்தன. நனையும், எரியும், ஆனாலும் கையில் எடுக்கலாம். 2009இல் பங்கருக்குள் அல்பங்களைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு, வெளிநாட்டு உறவினர் தம்மிடம் தப்பியிருந்த பிரதிகளைப் பின்னர் வட்ஸ்அப்பில் அனுப்பினர். அந்தப் படத்துக்கு இன்று எம்மிடம் இருக்கும் ஒரே இருப்பிடம் அந்த உரையாடல்தான் என்ற நிலை பல வீடுகளில் உண்டு.

இப்போது அந்த உரையாடல் அண்ட்ரொய்டில் இருந்து ஐபோனுக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான இழப்பு இங்கேதான் நடக்கிறது.

அண்ட்ரொய்டில் வட்ஸ்அப் தன் காப்புப் பிரதியை கூகுள் கணக்கில் சேமிக்கிறது. ஐபோனில் அதே வட்ஸ்அப் அப்பிளின் ஐகிளவுட்டில் சேமிக்கிறது. ஒன்றின் காப்பை மற்றது திறக்காது. நகரத்துக் கடையில் கொடுத்து சிம்மை மாற்றி, குறுந்தகவலில் வரும் இலக்கத்தை அடித்தவுடன் ஐபோனில் வட்ஸ்அப் வேலை செய்யத் தொடங்கும். குழுக்களின் பெயர்கள் இருக்கும். உள்ளே எதுவும் இருக்காது. 'கூகுளில் பெக்கப் இருக்கிறது, பிறகு எடுக்கலாம்' என்று நம்பிப் பழைய கைபேசியை அழித்து விற்றுவிட்டால், அந்தப் பிரதியைத் திறக்க மறுபடியும் ஒரு அண்ட்ரொய்ட் வேண்டும். ஒரே காப்பு நிரந்தரமாக அங்கே காத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

சரியான வழி 2022இல் இருந்து இருக்கிறது. அப்பிள் தரும் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியைப் பழைய அண்ட்ரொய்டில் நிறுவி, புதிய ஐபோனை முதன்முதலாக இயக்கும்போதே இரண்டையும் இணைத்து வட்ஸ்அப் உரையாடல்களை நகர்த்தலாம். அந்த 'முதன்முதலாக' என்ற சொல்தான் முக்கியம். ஐபோனை ஒரு வாரம் பாவித்துவிட்டு இதைச் செய்ய வேண்டுமானால், அதை முழுதாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கைபேசிகளும் மின்னேற்றியில் இருக்க வேண்டும், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பல வருட உரையாடல் என்றால் கனநேரம் எடுக்கும். மழை நாளில் மின்சாரம் போய்வரும் லயத்தில் இதைச் செய்வதைவிட, நகரத்தில் வேலைசெய்யும் யாராவது உறவினர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்வது நல்லது. மறுதிசையில், ஐபோனில் இருந்து அண்ட்ரொய்டுக்குக் கேபிள் மூலம் மாற்றும் வசதி 2021இல் சாம்சங்கில் தொடங்கியது. அங்கும் புதிய கைபேசியை அமைக்கும் வேளையில் செய்வதே வழி.

புதிய கைபேசியில் எல்லாம் வந்துவிட்டதா என்று பழைய உரையாடல்களுக்குள் போய், குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுப் பார்க்கும்வரை பழையதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதை அழிக்கவும் வேண்டாம்.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஐபோனில் மெமரி கார்ட் போட இடமில்லை. எமது வீடுகளில் குடும்பப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி கடந்தது அந்த நகக்கண் அளவு அட்டையால்தான். கைபேசி உடைந்தாலும் அட்டை தப்பும். ஐபோனில் அந்த வேலையை ஐகிளவுட் செய்ய வேண்டும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிகாபைட், அதற்கு மேல் மாதக் கட்டணம், அதுவும் வங்கி அட்டையோ அதுபோன்ற வழியோ வேண்டும். கூகுள் 15 ஜிகாபைட் தருகிறது. ஆனால் அண்ட்ரொய்டின் வட்ஸ்அப் காப்பும் இப்போது அந்த 15க்குள்தான் கணக்காகிறது. இந்த ஒரு விடயத்தில், கார்ட் போடக்கூடிய மலிவு அண்ட்ரொய்ட் விலை உயர்ந்த ஐபோனைவிட எமது வாழ்க்கைக்குப் பொருத்தமானது என்பதே என் கணிப்பு.

புலம்பெயர்ந்த வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய பகுதி இது. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022இன் ஐபோன் 14இல் இருந்து சிம் போடும் துளையே கிடையாது, ஈ-சிம் மட்டும்தான். 2025இல் வந்த ஐபோன் 17இல் இந்த மாற்றம் கனடாவுக்கும் சவூதி, கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், பஹ்ரைன் ஆகிய வளைகுடா நாடுகளுக்கும் பரவியது. மலையகத்துக்குக் கைபேசி வரும் நாடுகளின் பட்டியல்தான் இது! இலங்கையிலும் ஈ-சிம் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்து வீட்டில் சிம் என்பது ஒரே கைபேசிக்குள் அடைந்து கிடக்கும் பொருளல்ல. ஒன்றின் சார்ஜ் இறங்கினால் கழற்றி மற்றதில் போடுவார்கள். அம்மாவின் சிம்மைத் தங்கையின் கைபேசியில் போட்டு வெளிநாட்டு அழைப்பை எடுப்பார்கள். ஈ-சிம்மில் அந்தச் சுதந்திரம் இல்லை. திரை உடைந்தால் இலக்கமும் அதற்குள் சிக்கிவிடும்.

அனுப்புகிறவர் செய்ய வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. தன் அப்பிள் கணக்கில் இருந்து கைபேசியை விடுவிக்காமல் கொடுத்தால், இங்கே அதை அழித்துத் திறக்கிறவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. கடவுச்சொல் கேட்டு டொரன்டோவுக்கு நள்ளிரவில் அழைக்க வேண்டியிருக்கும். வலையமைப்புப் பூட்டு பற்றிய கவலை கனடாவில் 2017 டிசம்பரில் இருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்தும் விற்கப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை, அங்கே பூட்டி விற்பது தடை. அமெரிக்கக் கைபேசிகளுக்கு இன்னமும் கேட்டுப் பார்க்க வேண்டும். இலங்கைக்குள் இரண்டாம் கையாக வாங்கினால் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை, ஐஎம்இஐ என்று முன்னே எழுதி 1909க்குக் குறுந்தகவல் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று பாருங்கள். காசு கொடுக்கும் முன்னர்.

ஐபோனுக்குச் சார்பாகச் சொல்லக்கூடியது என்ன? நீண்டகாலத்துக்கு வரும் மென்பொருள் புதுப்பிப்புத்தான். அந்த வாதம் புதிய ஐபோனுக்கு உண்மை. பரிசாக வருவது பழையது. ஐபோன் 6 இல் வட்ஸ்அப் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஐபோன் 7 ஐஓஎஸ் 15ஐத் தாண்டாது. வட்ஸ்அப் இப்போது கேட்பது குறைந்தது 15.1 என்பதால் அது ஓடுகிறது, அடுத்த உயர்வில் ஓடாது. ஐபோன் 8, எக்ஸ் இரண்டும் ஐஓஎஸ் 16 உடன் முடிகின்றன. அண்ட்ரொய்ட் பக்கத்திலோ நிலைமை மாறிவிட்டது. சாம்சங்கின் கலக்ஸி ஏ16 போன்ற நடுத்தரக் கைபேசிக்கே ஆறு வருடப் புதுப்பிப்பு என்று நிறுவனம் உறுதியளிக்கிறது. பழைய ஐபோனுக்காக இப்படியான ஒன்றைக் கைவிடுவது பெயருக்காகச் செய்யும் காரியம்.

பழைய ஐபோனின் பற்றரி இன்னொரு விடயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டம் இது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வரும் வேளையில், மதியத்தோடு அணைந்துவிடும் கைபேசி வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. அப்பிளுக்கு இலங்கையில் சொந்தக் கடை இல்லை, முகவர்களே இருக்கிறார்கள். ஐபோன் 15க்கு முந்தியவற்றுக்கு மின்னேற்றிக் கேபிளும் வேறு, வீட்டில் உள்ள மற்றவர்களுடையது பொருந்தாது.

பாதுகாப்புப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் எம் வாசகர்களில் பலர் ஐபோனை விரும்புவதற்குச் சொல்லும் காரணம் இதுவே. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு, தம் கைபேசி இன்னொருவர் கைக்குப் போகலாம் என்பது கற்பனைப் பயமல்ல. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. பூட்டிய நிலையில் ஒரு புதிய ஐபோனை உடைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன ஐபோன், புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் அண்ட்ரொய்டைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. அதோடு, பலரும் கவனிக்காதது: வட்ஸ்அப் செய்தி வழியில் மறைகுறியாக்கப்பட்டாலும், அதன் காப்புப் பிரதி தானாக அப்படிப் பாதுகாக்கப்படுவதில்லை. 2021 ஒக்டோபரில் இருந்து இரண்டு தளங்களிலும் அதற்கென்று ஒரு தெரிவு இருக்கிறது, நாமே போய் இயக்க வேண்டும். அப்பிள் தரும் மேலதிக ஐகிளவுட் பாதுகாப்பைக்கூட 2025 பெப்ரவரியில் பிரித்தானியப் பாவனையாளர்களுக்கு நிறுத்த நேர்ந்தது, அங்குள்ள அரசின் அழுத்தத்தால். லண்டனில் இருக்கும் தம்பியின் ஐகிளவுட்டில் குடும்பத்தின் ஆவணங்கள் எல்லாவற்றையும் வைத்திருப்போர் இதை அறிந்திருக்க வேண்டும்.

எமது சமூகத்தின் சங்கடம் இதில் இரட்டையானது. போராட்டத்தில் நிற்பவர் செய்தியை மறையச் செய்ய விரும்புகிறார். காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் தாயோ ஒரு செய்திகூட மறைந்துவிடக் கூடாது என்று விரும்புகிறார். பல வேளைகளில் இரண்டு பேரும் ஒரே ஆள். எந்தத் தளமும் இந்த முரணைத் தீர்த்துத் தராது. சாட்சியாகப் பயன்படக்கூடிய படத்தையும் குரலையும் கைபேசிக்கு வெளியே, கணினியிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ தனியே வைப்பதே இன்று செய்யக்கூடியது. வட்ஸ்அப்பின் 'ஏற்றுமதி' வசதி ஒவ்வொரு உரையாடலையும் தனிக் கோப்பாகத் தரும். மெதுவான வேலை, ஆனால் இரண்டு தளங்களிலும் ஒன்றுபோல் நடக்கும்.

மாறுவதைக் கடினமாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எமது மட்டுமல்ல. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கின் மையமே, பாவனையாளர் வெளியேற முடியாதபடி நிறுவனம் வேலி போடுகிறது என்பதுதான். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் பண்டாரவளைக்கு வந்துசேர வருடங்கள் ஆகும். மாற விரும்புகிறவர்கள் மாறலாம்: ஐபோன் புதிய மாதிரியாக இருந்து, சிம் துளையோடு வந்து, அனுப்பியவரின் கணக்கில் இருந்து விடுபட்டிருந்து, பழைய கைபேசி இன்னும் கையில் இருந்தால். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் பழைய அண்ட்ரொய்டையே வைத்துக்கொள்வேன். வந்த ஐபோனைப் பிள்ளைகள் பாடங்களுக்கும் படமெடுக்கவும் பாவிக்கட்டும்.

எந்தக் கைபேசியானாலும் இன்று இரவே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீதியோரத்தில் படங்களை ஏந்தி நின்ற தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். கடவுக்குறி தெரியாத ஐபோனை அப்பிளும் திறந்து தராது. புதிய அண்ட்ரொய்டும் அப்படித்தான். அப்பிள் 2021 டிசம்பரில் இருந்து ஒரு வாரிசுத் தொடர்பை நியமிக்க விடுகிறது, பிறகு அவர் மரணச் சான்றிதழைக் கொடுத்துக் கணக்கில் உள்ளதைப் பெறலாம். கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற வசதியில், நீங்கள் குறிக்கும் காலம் கணக்கு அசையாமல் இருந்தால் நீங்கள் பெயரிட்டவருக்கு அது போகும், சான்றிதழ் கேட்காது. இதையெல்லாம் அமைக்கத் தெரியாவிட்டால், கடவுக்குறியை ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் அந்தப் பழைய உறைக்குள் வையுங்கள்.