சிவப்புக் கோட்டு போட முதல்

பிரித்தானியாவில் சில குழுக்கள் வார இறுதிகளில் 1805ஆம் ஆண்டுக்குப் போய் வருகின்றன. போர்க்கப்பல்களில் பயணித்த ‘ரோயல் மரீன்’ சிப்பாய்களைப் போல சிவப்புக் கம்பளிக் கோட்டும் மஸ்கெட் துப்பாக்கியுமாக அணிநடை பழகி, பழைய கப்பல்களிலும் கோட்டைகளிலும் சனத்துக்குச் செய்து காட்டுவார்கள். இதை ‘வாழும் வரலாறு’ எண்டு சொல்லுறது.

அங்க இருக்கிற எங்கட பெடியள் பெட்டையளுக்கும் இதில் சேர ஆசை வரலாம். சேருங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஒரு மஸ்கெட்டின்ர பாரம், வெயிலில் கம்பளிச் சட்டையின்ர அவியல், இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் அந்தச் சிப்பாயின்ர முழு வேலையையும் காட்டுங்கோ.

டிரஃபல்கர் சண்டையில் எதிரிக் கப்பலைச் சுட்டது மட்டும் அவன்ர வேலை இல்லை. வெடிமருந்து அறைக்கும் கப்டனின் கதவுக்கும் காவல் நிண்டதும் அவன்தான். மாலுமிகளில் பலர் கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். அவர்களுக்குச் சவுக்கடி விழும்போது ஆயுதத்தோடு வரிசையில் நிண்டதும் அவன்தான். 1797இல் ஸ்பிட்ஹெட்டிலும் நோரிலும் மாலுமிகள் கலகம் செய்தார்கள். அந்தப் பயத்தால், சிப்பாயின் துப்பாக்கி கப்பலுக்கு உள்பக்கமும் பார்த்தது.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1782 ஜனவரியில் திருகோணமலையின் ஒஸ்ரன்பேர்க் கோட்டையை ஒல்லாந்தரிடம் இருந்து பறித்தவர்களில் இந்தக் கப்பற்சிப்பாய்களும் இருந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். ஊர்ச்சனத்தை ஆரும் கேட்கேல்லை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டின ‘எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி’ இண்டைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிக்குது. எங்கட ஊரின்ர பேர் ஏன் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலுக்கு வந்தது எண்டதை, அந்தத் தளத்தில் சிவப்புக் கோட்டோடு நிக்கிற ஒருவர் சொன்னால் எவ்வளவு நல்லம்!

சீருடை வெறும் உடுப்பில்லை. சோதனைச்சாவடி வரிசைகளில் நிண்ட சனத்துக்கு இதை ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனாலதான் இந்தக் குழுக்களுக்கு எங்களைப் போன்றவர்கள் தேவை எண்டு நினைக்கிறம். வெடிச்சத்தத்துக்கும் புகைக்கும் சனம் கை தட்டும். தட்டட்டும். புகை அடங்கின பிறகு காவல் நிண்ட கதையையும் சொல்ல விடுவீங்களோ எண்டு, கோட்டின்ர அளவு குடுக்க முதலே கேட்டுவிடுங்கோ.